பட்டாணிக்கு முழுப்பேர்

கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை என்றான பிறகு
லயத்தில் முதலில் சலித்துப்போனது
எங்கள் பட்டாணிக்குத்தான்.
என் இடதுகால் செருப்பை மட்டும் தின்றாள்,
வலதைத் தொடவே இல்லை.
பிறகு சவரியம்மாவின் குடைப்பிடி,
ஞானசீலன் வீட்டுக் கிரிக்கெட் பந்து,
சங்கத்துச் சந்தாச் சிட்டையில் பாதி.

மழை.
மவுசாக்கலைத் தண்ணி எங்கே முடிகிறது,
மூட்டம் எங்கே தொடங்குகிறது
என்று தெரியாத மழை.
இஸ்தோப்பில் அவளும் நானும்
ஒரே மாதிரி கொட்டாவி விட்டோம்.
சரி வா, என்றேன், பள்ளிக்கூடம் வைப்போம்.

முதல் பாடம் மூன்று சிரட்டை.
ஒன்றின் கீழே கருவாட்டுத் தலை.
நான் மாற்றி மாற்றி நகர்த்துவேன்,
அவள் மூக்கால் தட்டிக் காட்ட வேண்டும்.
இரண்டாம் நாளே சிரட்டையை விட்டுவிட்டு
என் கையைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.
ஏமாற்றுவது கைதான் என்று
எனக்குப் புரிய இருபது வருசமாச்சு.

அப்புறம் உப்பு முடிச்சு.
அட்டை கடித்த காலோடு
நான் மலையிலிருந்து வந்து குந்தினால்
ஆணியில் தொங்குவதைக் கவ்விக்கொண்டு வரவேண்டும்.
நாலு முடிச்சு கிழிந்தது.
ஒன்றை நக்கிப் பார்த்துவிட்டு
பீலிக்கு ஓடி அரை மணி நேரம் தண்ணி குடித்தாள்.
ஐந்தாவது
எச்சில் ஈரத்தோடு, முழுசாக,
என் மடியில் விழுந்தது.

விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்தி
கொழுந்து லொறி கிளீனர்போல்
'வரட்டும் வரட்டும்' என்று தட்டினால்
பின்னாலேயே போவாள்,
டிரைவரை விட ஒழுங்காக.

கூலி ரொட்டி.
சொன்னதைச் செய்தால் முழுப்பேர், ஒரு துண்டு.
பாதி செய்தால் அரைப்பேர், பாதித் துண்டு.
எனக்குத் தெரிந்த கணக்கு அதுதானே.

ஞானசீலன் மகன் கேட்டான்:
'செத்த மாதிரி விழப் பழக்குங்க அக்கா.'
அதற்கு ஒரு சொல் வேண்டும்,
வீட்டில் யாரும் சும்மா சொல்லாத சொல்.
கழிவு என்று வைத்தேன்.
கழிவு என்றால் விழ வேண்டும்.
முழுப்பேர் என்றால்தான் எழும்ப வேண்டும்.
சிரிப்புக்காகத்தான் வைத்தேன்,
முனியாண்டி மேல் சத்தியமாக.

வியாழன், தராசடி.
எப்படியோ பின்னாலேயே வந்துவிட்டாள்.
முள் இருபதைத் தொட்டது.
கணக்கப்பிள்ளை திரவியநாதன் கொப்பியைப் பார்த்தபடி,
'சாக்குக்கும் தண்ணிக்கும் மூணு கழிவு.'
பதினெட்டுக்கு ஒன்று குறைவு,
எனக்கு அரைப்பேர்.

தொப்பென்று விழுந்தாள்.
தராசுக்கும் லொறிக்கும் நடுவில்,
நாலு காலும் வானத்துக்கு,
நாக்கு சேற்றில்.

முதலில் சவரியம்மா சிரித்தாள்.
பிறகு நிரையே சிரித்தது,
படங்கு நழுவ, கூடை ஆட.
லொறி ஹோர்ன் அடித்தது.
அவர் எழும்பு என்றார்,
சிங்களத்தில் சொன்னார்,
இங்கிலீசில் சொன்னார்,
சப்பாத்து நுனியால் மெதுவாக இடித்தும் பார்த்தார்.
பட்டாணி ஒற்றைக் கண்ணைத் திறந்து
அவர் வாயையே பார்த்துக் கிடந்தாள்.

கடைசியில் நான்தான் குனிந்து
காதுக்குள் சொன்னேன், முழுப்பேர்.
துள்ளி எழும்பி உதறினாள்,
அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு.
இந்த மாதம் எங்கள் மலையில்
அந்தச் சொல் கிடைத்தது
அவள் ஒருத்திக்குத்தான்.

அடுத்த கிழமையிலிருந்து
திரவியநாதன் வாய் திறப்பதில்லை.
நிறுக்கிறார், எழுதுகிறார்,
துண்டை நீட்டுகிறார்.
மூன்று கிலோ சத்தமில்லாமல் போகிறது.

இன்றும் மழை.
புதுச் செருப்பிலும் இடது போச்சு.
சிரட்டைகளை அடுப்பில் போட்டுவிட்டு
ஒரு பேனாவும் பழைய கொப்பியுமாக
அவள் முன்னால் குந்தியிருக்கிறேன்.
கருவாட்டுத் தலை இருக்கிறது, அவசரமில்லை.
பாரு பட்டாணி,
கையைப் பாரு.